ஒரே பைப்புல ரெண்டு சகலைங்க

வா மாப்ள, வா. இப்பதான் மாமன் வூட்டுக்கு வழி தெரிஞ்சுதா? மோட்டார் கெட்டாத்தான் மாமன் ஞாபகம் வரும்னா, உன் மோட்டார் மாசத்துக்கு ஒருக்கா கெடணும்னு அண்ணாமலையாருக்கு நேந்துக்கப் போறேன். உக்காரு. கையில இன்னா கவரு? ஓகோ, இம்பெல்லரா. நான்கூட மாமனுக்குத் தின்ன ஏதோ வாங்கினு வந்திருக்கேன்னு வாயத் தொறந்துட்டேன்.

குடு இப்டி. வெளிச்சத்துல காட்டு.

அடேங்கப்பா! வாங்கி எத்தினி மாசம் ஆச்சு? ஒன்பதா? ஒன்பது மாசத்துல அவனவன் புள்ள பெத்துக்கறான், நீ இம்பெல்லர ஓட்டையாக்கினு வந்து நிக்கிற. கடையில போயி, "டூப்ளிகேட் சரக்கத் தலையில கட்டிட்டீங்க"ன்னு சண்டை வேற போட்டியாமே? வேலூர் ரோடு பூரா கேட்டுதாம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்துலதான கீது, திங்கக்கெழம மனு குடுக்காம வுட்டியே, அதுவரைக்கும் புண்ணியம்.

கடைக்காரன் மேல தப்பு இல்ல மாப்ள. இந்தப் பள்ளத்த வெரலால தடவிப் பாரு. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப, தெருவுல "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல்லு கொத்தலையோ"ன்னு கூவிகினு வருவாங்க. திண்ணையில உக்காந்து, உளிய வெச்சுத் தட்டித் தட்டி, கல்லு மேல புள்ளி புள்ளியா போட்டுட்டுப் போவாங்க. இது அதே கொத்து. மணல் தின்ன இம்பெல்லர் இப்டி இருக்காது. அது செய்யாத்துக் கூழாங்கல்லாட்டம் வழவழன்னு தேஞ்சிருக்கும், ஓரம் பிளேடாட்டம் மெலிஞ்சிருக்கும். உன்னுதுல வழவழப்பே இல்ல. உள்ள எவனோ உக்காந்து ராவும் பகலும் கொத்தியிருக்கான்.

இன்னா சொன்ன? கேவிட்டேஷனா? பார்றா, பேரெல்லாம் தெரிஞ்சு வெச்சுகினு கீற. பேரு தெரிஞ்சவனுக்கு அது வர்ற சத்தம் தெரியலையே! மோட்டார் ஓடும்போது, கைப்பிடி ஜல்லிய உள்ள அள்ளிப் போட்டு அரைக்கிற மாதிரி சத்தம் வந்துதா இல்லையா? வந்துது. நீ இன்னா பண்ண? காதுல பாட்டு மாட்டிகினு வரப்பு மேல நடந்துகினு இருந்த.

கொத்துனவன் யாருன்னா, தண்ணிக்குள்ள வர்ற குமிழி. சிரிக்காத. நம்ம மலை உசரம் 2668 அடி. தீபத்தன்னிக்கு மேல ஏறிப் போயி, கொப்பரைக்குப் பக்கத்துல ஒரு அடுப்பப் பத்த வெச்சு சட்டியில தண்ணி வைக்கிறன்னு வெச்சுக்க. வெச்சுடாத, போலீஸ்காரன் அலேக்கா தூக்கினு வந்துடுவான், சும்மா சொல்றேன். 97 டிகிரி சில்லறையிலயே அது தளதளன்னு கொதிச்சுடும். ஏன்னா, மேல போகப் போக காத்து இளசு. காத்துன்னு ஒண்ணு தண்ணி தலை மேல உக்காந்து அமுக்கிகினே கீது. அந்த அமுக்கம் கொறஞ்சா, மாமியார் ஊருக்குப் போன வூட்டு மருமவளாட்டம் தண்ணிக்குக் குளிர் வுட்டுப் போயிடும். அமுக்கத்த இருபத்தஞ்சுல ஒரு பங்குக்கு எறக்கிட்டன்னா, நம்ம கெணத்துப் பச்சத்தண்ணி அடுப்பே இல்லாம கொதிக்கும்.

மோட்டார் உறிஞ்சுற வாய்க்கிட்ட நடக்குறது அதுதான். அங்க அமுக்கம் ரொம்பக் கொறஞ்சா தண்ணி குமிழி வுடும். குமிழி அப்டியே ரெக்கைக்குள்ள ரவ தூரம் போனதும் அமுக்கம் ஏறிடும், பட்டுன்னு ஒடுங்கிச் சாவும். சாவும்போது சும்மா சாவாது, பக்கத்துல கீற இரும்புல ஒரு உளி அடி அடிச்சுட்டுத்தான் சாவும். ஒரு குமிழின்னா பரவால்ல. நிமிஷத்துக்கு எத்தினி ஆயிரமோ!

என் பேத்தி பாலிடெக்னிக்ல படிக்குதுல்ல, அது சொன்ன கதை ஒண்ணு. சீமையில பார்சன்ஸ்னு ஒருத்தர் 1894-ல ஒரு கப்பல் கட்டினார், டர்பினியான்னு பேரு. நீராவி டர்பைன் வெச்ச மொத கப்பல். எஞ்சினு பேய் எஞ்சினு, ஆனா கப்பல் நெனச்ச வேகம் போவல. பாத்தா, அடியில சுத்துற ஒத்த விசிறி, தண்ணியத் தள்ளாம குமிழியத்தான் கடைஞ்சுகினு இருந்துது. மனுஷன் இன்னா பண்ணார்? ஒரு தண்டுக்குப் பதிலா மூணு தண்டு, தண்டுக்கு மூணு விசிறி, ஆக ஒன்பது விசிறின்னு வேலையப் பங்கு போட்டுக் குடுத்தார். 1897-ல விக்டோரியா ராணியோட வைரவிழாக் கப்பல் அணிவகுப்புல, தொரத்தி வந்த கடற்படைப் படகுங்கள வுட்டுட்டு 34 நாட் வேகத்துல ஓடிச்சாம்.

பங்கு போட்டா குமிழி கொறையும். நீயும் அதத்தான பண்ணேங்கற. அங்கதான் கீது உன் வண்டவாளம்.

உன் கெணத்துல பதினோரு வருசமா ஒரு அஞ்சு எச்பி மோட்டார் ஓடிகினு இருந்துது. வாயில்லாப் பூச்சி. நீ இன்னா பண்ண, ஏழரை எச்பி ஒண்ணு வாங்கின. ஏழரைன்னு கேட்டப்பவே எனக்குத் திக்குன்னுது. அதுக்குத் தனி பைப்பு போட மனசு வரல. பழைய மூணு இஞ்ச் பைப்புலயே ஒரு 'டீ' வெச்சுச் சொருகிட்ட. "ரெண்டு மோட்டார் சேந்தா ரெட்டைத் தண்ணி மாமா"ன்னு டீக்கடையில பேசிகினு இருந்த. நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா "கெழவனுக்கு இன்னா தெரியும்"ப.

போன வாரம் நீ டவுனுக்குப் போயிருந்தப்ப உன் கெணத்தாண்ட போனேன். மொறைக்காத, ஒண்ணும் திருடல. எங்க வூட்டு 200 லிட்டர் டிரம்ம உருட்டினு போயி, பேத்தி போன்ல செகண்டு பாத்துகினு நிக்க, உன் வாய்க்கால் தொட்டியில தண்ணிய அளந்தேன். பழசு தனியா ஓடினா டிரம்மு ரொம்ப 34 செகண்டு. புதுசு தனியா ஓடினா 24. கணக்குப்படி ரெண்டும் சேந்தா 14 செகண்டுல ரொம்பணும். எவ்ளோ ஆச்சுன்னு நெனக்கிற? 22. அதாவது, புதுசு மட்டும் ஓடினா 24, பழசையும் சேத்து ஓட்டினா 22. அந்த ரெண்டு செகண்டுக்காக ஒரு அஞ்சு எச்பி நாளெல்லாம் முட்டிகினு கீது. 1990-லேர்ந்து விவசாயிக்குக் கரன்ட் இலவசம்னு வந்துடுச்சு, உனக்கு வலிக்கல. மீட்டர் போட்டு பில்லு வந்திருந்தா என்னிக்கோ டிரம்ம உருட்டியிருப்ப.

ஏன் இப்டின்னா, ஒரே பைப்புல ரெண்டு மோட்டார்னா அதுங்க ரெண்டும் சகலைங்க மாப்ள. ஒரே வூட்டுல பொண்ணு எடுத்தவங்க. மூத்த மாப்ள வாத்தியாரு, சின்ன மாப்ள நெலம் வித்துக் காசு பாத்தவன். தீபாவளிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வந்து உக்காந்தா எவன் பேச்சு எடுபடும்? சின்னவன் கொரல் ஒசந்துது, மூத்தவன் வாயத் தொறக்க முடியாது. ஆனா எழுந்தும் போவ முடியாது. உக்காந்த எடத்துலயே புழுங்கிகினு கீணும்.

உன் புதுசு உள்ள தள்ளுற வேகத்துக்கு, பைப்புல அழுத்தம் ஏறிப் போச்சு. அந்த அழுத்தத்தத் தாண்டித் தண்ணி அனுப்ப பழசுக்குத் தெம்பு இல்ல. ஒழுங்கா செக் வால்வு இருந்திருந்தா அது மூடிக்கும், பழசு உள்ளாறயே சுத்திகினு இருக்கும். நான் அது மேல கை வெச்சுப் பாத்தேன், டீ கிளாஸ் சூடு. கிளாண்டுக் கயிறு கருகி வாடை வருது. அதே ரவ தண்ணிய உள்ளயே போட்டுக் கடைஞ்சா சூடாகாம இன்னா ஆவும்? தண்டு ஆடும், பேரிங்கு போவும். உன் பழசு கெட்டது வயசாலன்னு நெனச்ச. இல்ல மாப்ள, அவமானத்துல.

அதுவும் உன்கிட்ட செக் வால்வே இல்ல! "அது எதுக்கு மாமா தெண்டம், அடியிலதான் ஃபுட்வால்வு கீதே"ன்ன. பழச நிறுத்திட்டு புதுச மட்டும் ஓட்டிப் பாத்தேன். பழைய ஃபுட்வால்வு ரப்பர் பிஞ்சு போயி, புதுசு ஏத்துற தண்ணியில ஒரு பங்கு பழசு வழியா திரும்பக் கெணத்துக்கே எறங்குது. பழசோட இம்பெல்லர் தலகீழா சுத்துது. கரன்ட் இல்லாமலே சுத்துற மோட்டார இந்தத் திருவண்ணாமலை ஜில்லாவுல உன்கிட்டதான் பாத்தேன்.

சரி, பழசு கதை போவட்டும், "புதுசு ஏன் மாமா கொத்து வாங்குச்சு"ன்னு கேக்கற. கேளு. வாங்கும்போது அது மேல ஒட்டின பிளேட்டப் படிச்சியா? எச்பி மட்டும் பாத்த. அதுல 'ஹெட்'னு ஒண்ணு போட்டிருப்பான், இத்தினி மீட்டர்லேர்ந்து இத்தினி மீட்டர் வரைக்கும்னு. உன்னுதுல 24-லேர்ந்து 36. உனக்கு வேணுங்கறது, பைப்பு உரசல் எல்லாம் சேத்து, ஒரு 15 மீட்டர். மலைக்கு ஏத்தற மோட்டார வாங்கி வரப்புக்கு எறைக்கிற. எதிர்ப்பு இல்லன்னா மோட்டார் அடங்காது மாப்ள, அளவுக்கு மீறி அள்ளும். அள்ள அள்ள, உறிஞ்சுற வாயில அமுக்கம் எறங்கும். எறங்குனா குமிழி.

அதோட நீ வெச்சிருக்கிற ஒசரத்தப் பாரு. மோட்டார் தண்ணிய இழுக்குதுன்னு ஊரே நெனச்சுகினு கீது. மோட்டார் எங்க இழுக்குது? வெளிக் காத்துதான் கெணத்துத் தண்ணிய அமுக்கி மேல தள்ளுது. அந்தக் காத்தோட மொத்த பலமே 34 அடித் தண்ணி. இத்தாலியில டாரிசெல்லின்னு ஒருத்தர் 1640-கள்லயே பாதரசக் கொழாய வெச்சு இத நிரூபிச்சிட்டார். குழாய் உரசல், வளைவு, மோட்டாரோட சொந்தப் பசி எல்லாம் கழிச்சா, நமக்குக் கைக்கு நிக்கிறது 20, மிஞ்சினா 22 அடி. நீ சித்திரை வெயில்ல, தண்ணி கீழ போன கெணத்துல, 27 அடி மேல மோட்டார உக்கார வெச்சுட்டு, நடுவுல ரெண்டு பெண்டு, ரெண்டரை இஞ்ச் பைப்பு. வாய்ல துணிய அடைச்சுட்டு ஓடுன்னா எவன் ஓடுவான்?

நம்ம ஏரிக்கரைக்கு அந்தாண்ட லாட்ஜ் ஒண்ணு கீதுல்ல, பேரு வேணாம். அவங்க கதை வேற தினுசு. ரெண்டு மோட்டாரும் ஒரே அளவு, ஒரே ரகம். குத்தம் சொல்ல முடியாது. ரெண்டும் சேந்து ஓடறவரைக்கும் ஒழுங்கா ஓடுச்சு. ஒரு பௌர்ணமி ராத்திரி, கிரிவலம் வந்த கூட்டம் மொத்தமும் குளிக்க எறங்க, ஒரு மோட்டார் டிரிப் ஆயி நின்னுடுச்சு. மிச்சம் நின்ன ஒண்ணு பயத்துல கத்துச்சுன்னுதான் சொல்லணும். ரெண்டு பேரு தண்ணி போற பைப்புல ஒருத்தன் மட்டும் போனா பைப்புல உரசல் கொறஞ்சு போவுது, எதிர்ப்பு எறங்கிடுது. ஒடனே அவன் தன் பங்கத் தாண்டி சகலையோட பங்கையும் சேத்து அள்ளப் பாக்கறான். அங்கயும் அதே ஜல்லி சத்தம். விடியறதுக்குள்ள சம்ப்ல தண்ணி எறங்கி காத்து இழுத்து, சீல் போச்சு. மேனேஜரு பக்தருங்ககிட்ட பக்கெட்டு தூக்கிகினு ஓடுனாரு.

ஆக, ரெண்டு மோட்டார் வெச்சா ரெண்டு கேள்வி கேக்கணும். ரெண்டும் சேந்து ஓடினா இன்னா ஆவும்? ஒண்ணு செத்தா மிச்சம் நிக்கிறது இன்னா ஆவும்? ரெண்டாவது கேள்விய எவனும் கேக்கறதில்ல, அபசகுனமாம்.

உரசல் உரசல்னு சொன்னேனே, அத நீ புத்தகத்துல தேட வேணாம். சாதாரண நாள்ல 14 கிலோமீட்டர் கிரிவலத்த வெடுக்குன்னு நடந்து முடிச்சுடற. கார்த்திகை தீபத்தன்னிக்கு? அதே ரோடு, அதே காலு, ஆனா அஷ்டலிங்கம் ஒவ்வொண்ணாண்டயும் நின்னு நின்னு முட்டிகினு வர்ற. ரோட்ட அகலமாக்காம ஆள மட்டும் சேத்தா ஆளு நகராது, இடிதான் ஜாஸ்தி. பைப்புலயும் அதே. தண்ணி ரெண்டு மடங்கு ஓடணும்னா உரசல் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஏறும். நீ மூணு இஞ்ச் ரோட்டுல தீபத் திருவிழா நடத்திகினு கீற.

எங்க அப்பன் காலத்துல இந்தக் கெணத்துல ரெட்டைக் கவலை ஓட்டினோம். இந்தப் பக்கம் ஒரு ஜோடி மாடு, அந்தப் பக்கம் ஒரு ஜோடி மாடு. ரெண்டு சாலும் தனித்தனியா தொட்டியில வந்து கொட்டும். ஒரே கெணறு, ஒரே தொட்டி, ஒரே வாய்க்கால். ஆனா ரெண்டு சாலையும் ஒரே கயித்துல கட்டினவன் எவனும் இல்ல. படிக்காதவனுங்கதான், அந்த ரவ புத்தி இருந்துது.

பெரிய எடத்துல எப்டி செய்யறாங்கன்னு பாரு. கோயமுத்தூர்ப் பக்கம் அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்த 2024 ஆகஸ்ட் 17-ல தொறந்தாங்களே. பவானியில காலிங்கராயன் அணைக்குக் கீழ தண்ணிய எடுத்து, 6 எடத்துல பம்ப் ஹவுஸ் வெச்சு ஏத்தி ஏத்தி, 1045 ஏரி குளம் குட்டைக்கு வுடறாங்க. அந்த மாதிரி பம்ப் ஹவுஸ் கட்டறவங்க, பக்கம் பக்கமா நிறுத்தற மோட்டார ஒரே ரகமா, ஒரே அளவாத்தான் பாத்து வைப்பாங்க. ஒவ்வொண்ணு வாயிலயும் தனி செக் வால்வு. மொத்தமா சேர்ற பைப்பு பெருசு. சும்மா உக்கார ஒண்ணு ஸ்பேரு. ஒண்ணு தேஞ்சு ஒண்ணு புதுசா நின்னுடக் கூடாதுன்னு முறை வெச்சு மாத்தி ஓட்டுவாங்க. உன்னாட்டம் "அத்தோட இத்தையும் சொருகு"ன்னு சொருக மாட்டாங்க.

இப்ப இன்னா பண்ணணும்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுகினு கேக்கற. மொத வேலை, அந்த 'டீ'யப் புடுங்கு. பழசுக்குப் பழைய பைப்பு, புதுசுக்குத் தனி பைப்பு, தனித்தனியா தொட்டியில கொட்டட்டும், நம்ம கவலையாட்டம். பைப்புக்குக் காசு இல்லன்னா, புதுச வித்துட்டு பழசுக்கு ஜோடியா அதே அளவுல ஒண்ணு வாங்கி, சேர்ற எடத்துக்கு அப்பால நாலு இஞ்ச் போடு. 'டீ'யில நேருக்கு நேரா முட்ட வுடாத, 'ஒய்' போட்டுச் சாய்வா சேத்து வுடு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு செக் வால்வு, ஒரு கேட் வால்வு.

அதுவரைக்கும் புதுசுல இம்பெல்லர மாத்திட்டு, தனியாவே ஓட்டு. கத்துச்சுன்னா டெலிவரி கேட் வால்வ ரவரவையா மூடிகினே வா. ஜல்லிச் சத்தம் நிக்கிற எடத்துல நிறுத்து. தண்ணி ரவ கொறையும், கொறையட்டும். ஆனா ஒண்ணு, மறந்தும் சக்ஷன் பக்கம் வால்வு வெச்சு நெரிச்சுடாத. மூச்சு முட்டறவன் மூக்கப் புடிக்கிற கதையாயிடும். சக்ஷன் பைப்பு மோட்டார் வாய விட ஒரு சைஸ் பெருசா, நேரா, எங்கயும் மேல கூன் போடாம ஏறணும். கூன் இருந்தா அங்க காத்து போய் உக்காந்துக்கும், நம்ம ஊரு சாமியாருங்களாட்டம் எழுப்ப முடியாது. மோட்டார கெணத்துக்குள்ள மேடை கட்டி எறக்கு. மழைக்காலத்துல முழுவுமேன்னு பயப்படற, ஐப்பசிக்கு முன்ன சங்கிலி கட்டி மேல தூக்கிக்க. சோம்பேறித்தனத்துக்கு மேடை ஒண்ணும் செய்யாது.

ரெண்டு ஃபுட்வால்வும் கெணத்துல ஒண்ணு மேல ஒண்ணு உரசினாப்பல கீது, நான் எட்டிப் பாத்தேன். நடுவுல ஒரு ஆளு தாராளமா நீச்சலடிக்க எடம் வுடு. தண்ணி மேல சுழி போட்டா காத்து உள்ள போவுதுன்னு அர்த்தம், இன்னும் ஆழமா எறக்கு.

அப்பறம் அந்த ஆட்டோ ஸ்டார்ட்டரு. ராத்திரி கரன்ட் வந்ததும் ரெண்டும் ஒண்ணா அலறிகினு எழுந்திருக்குது. ஒண்ணு எழுந்து தண்ணி புடிச்சப்பறம் அடுத்தது எழட்டும். டைமர் வெச்சுக்க. ஒரே வாசல்ல ரெண்டு சகலையும் ஒரே நேரத்துல நொழைஞ்சா தோள் இடிக்கத்தான் செய்யும்.

கெளம்பறியா? டீ சாப்டுட்டுப் போ. இந்த இம்பெல்லர எங்க எடுத்துகினு போற? இங்க வெச்சுட்டுப் போ, நான் திண்ணையில மாட்டி வைக்கிறேன். 'டீ' வாங்கப் போறவனுங்க ஒருக்கா தடவிப் பாத்துட்டுப் போவட்டும்.

நாளைக்கு டிரம்ம நீ வந்து உருட்டிகினு போ, எனக்கு இடுப்பு வலி. அப்டியே, போன பொங்கலுக்கு வாங்கினு போன என் பைப் ரிஞ்ச்ச எடுத்துகினு வா. அது இல்லாம அந்த 'டீ'யக் கழட்ட முடியாது.